கணிப்பொறிக்குள் தனிக்குடித்தனம்

மன்ற இதழின் அட்டைப்படமும் சுவரொட்டியும் வரைய இரண்டாவது கணிப்பொறி வாங்க வேண்டுமாம்; அதற்குத் தலைக்கு 500 ரூபாய் திரட்ட வேண்டுமாம்! தேவிகுளத்து லயங்களிலிருந்தும் சித்தூர் வயற்புறத்திலிருந்தும் வந்து படிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அது எளிய தொகை? நானும் லயத்துப் பிள்ளைதான்.

இருக்கும் பொறியே போதும் என்பேன். கேரளப் பள்ளியில் நாம் பயின்ற லினக்ஸ்தான் அதில் இருக்கிறது. போட்டோஷாப்போ விண்டோஸைக் கேட்கிறது. விண்டோஸை லினக்ஸுக்குள் மெய்நிகர் பொறியாகக் குடிவைத்துப் பார்த்தோம். படம் ஆமையாய் நகர்ந்தது. ஏன்? வரைகலை அட்டை வீட்டுக்காரனிடமே இருந்தது. குடிவந்தவனுக்கு வாய்த்தது போலி அட்டை.

மெய்யான அட்டையை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவோம், நண்பர்களே! 2012-இல் லினக்ஸில் சேர்ந்த விஎஃப்ஐஓ அதற்கு வழி செய்கிறது. பயாஸில் ஐஓஎம்எம்யூவை இயக்க வேண்டும். அட்டையோடு அதன் ஒலிப் பகுதியையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். மெய்நிகர் பொறியைக் கண்டதும் 43 என்ற பிழையைக் காட்டி ஜீஃபோர்ஸ் அட்டைகள் வேலைநிறுத்தம் செய்த காலம் உண்டு. 2021-இல் என்விடியாவே அத்தடையை நீக்கிற்று.

குறை இல்லையா? உண்டு. விண்டோஸ் ஓடும்வரை லினக்ஸ் அந்த அட்டையைத் தொட இயலாது. செயலியோடு பிறந்த சிறு வரைகலையே அதற்குக் கஞ்சி. மெய்ப்புத் திருத்த அது போதாதா? இன்னொரு திரையும் விசைப்பலகையும் சுட்டியும் இருந்தால் ஒருவர் வரையலாம், மற்றவர் திருத்தலாம். விண்டோஸ் உரிமத்துக்குப் பணம் வேண்டும்தான். இரண்டாவது பொறி வாங்கினாலும் அச்செலவு தப்பாது.

நன்கொடைத் தீர்மானம் வந்தால் எதிர்த்துக் கை தூக்குவேன். பொறியை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுக்கொடுங்கள்.