ஆதரவு 507, எதிர்ப்பு 25: நேபாளத் தலித்துகள் எங்கே நின்றார்கள்?

2015 செப்டம்பர் 16 அன்று நேபாள அரசமைப்பு அவையில் நடந்த இறுதி வாக்கெடுப்பில், புதிய அரசமைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக 507 பேர் வாக்களித்தனர். எதிராக 25 பேர். மதேசிக் கட்சிகளைச் சேர்ந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவைக்கே வரவில்லை. நான்கு நாட்கள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ் அந்தச் சட்டத்தை அறிவித்தார். காத்மாண்டுவில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். தெற்கே தராய் சமவெளியில் விளக்குகளை அணைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் 40 பேருக்கு மேல் உயிரிழந்திருந்தனர். போராடியவர்கள், காவலர்கள், ஒரு கைக்குழந்தை எனப் பலரும் அதில் உண்டு.

எதிர்த்து வாக்களித்த அந்த 25 பேர் யார் என்று பார்க்க வேண்டும். அவர்கள் இடதுசாரிகளோ ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளோ அல்லர். நேபாளத்தை மீண்டும் இந்து நாடாக்க வேண்டும் என்று கோரிய ராஷ்டிரிய பிரஜாதந்திரக் கட்சியின் (நேபாளம்) உறுப்பினர்கள். ஆக, அன்று அவையில் மூன்று நிலைகள்தான் இருந்தன: பெரிய கட்சிகளோடு சேர்ந்து ஏற்பது, இந்து நாடு கேட்போரோடு சேர்ந்து எதிர்ப்பது, மதேசிகளோடு சேர்ந்து புறக்கணிப்பது. தலித்துகளுக்கென்று நான்காவதாக ஒரு நிலை இருக்கவில்லை. அவையிலிருந்த தலித் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெரிய கட்சிகளின் விகிதாச்சாரப் பட்டியல் வழியே வந்தவர்கள். அந்தக் கட்சிகளின் கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஒப்பீட்டு அரசமைப்பியலில் ஆய்வு செய்யும் மாணவன் என்ற முறையில் கடந்த சில ஆண்டுகளாக இந்த விவாதங்களைப் படித்துவருகிறேன். கருத்தரங்குகளில் இரண்டு விதமான பேச்சைத்தான் கேட்கிறேன். தெற்காசியாவிலேயே முற்போக்கான அரசமைப்பு நேபாளத்துடையது என்பது ஒன்று. மலைப்பகுதி உயர்சாதியினர் தங்களுக்காக எழுதிக்கொண்ட சட்டம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அதை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி சாதி ஒழிப்பு இயக்கங்களை இவ்வளவு திணறடித்தது.

முதலில் கிடைத்ததைப் பார்ப்போம். பிரிவு 24 தீண்டாமையைப் பொதுவெளியில் மட்டுமல்லாமல் தனியார் இடங்களிலும் தடை செய்கிறது. அதைக் கடும் சமூகக் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெறும் உரிமையையும் தருகிறது. பிரிவு 40 முழுவதும் தலித் உரிமைகளுக்கானது. அரசின் அனைத்து அமைப்புகளிலும் விகிதாச்சாரப் பங்கு, தொடக்கக் கல்வி முதல் உயர்கல்வி வரை உதவித்தொகையுடன் இலவசக் கல்வி, நிலமற்ற தலித்துக்கு ஒருமுறை நிலம், வீடற்றோருக்குக் குடியிருப்பு என்று அது அடுக்குகிறது. பிரிவு 255 தேசியத் தலித் ஆணையத்தை அரசமைப்பு அமைப்பாக்குகிறது. பின்னர் வந்த உள்ளாட்சித் தேர்தல் சட்டம் ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்றது. 2017 தேர்தலில் 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் வார்டு உறுப்பினர்களானார்கள். 1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன், யார் தொட்ட தண்ணீரைக் குடிக்கலாம், யாரைத் தொட்டால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது. அங்கே இவை சிறிய வெற்றிகள் அல்ல.

இப்போது பறிபோனதைப் பார்ப்போம். 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அரசமைப்பு அவையின் 601 உறுப்பினர்களில் 335 பேர் விகிதாச்சார முறையில் வந்தவர்கள். அதாவது பாதிக்கும் மேல். நேபாள வரலாற்றில் அதற்குமுன் இல்லாத அளவு தலித்துகளும் பெண்களும் அவைக்குள் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான். புதிய அரசமைப்பு 275 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் விகிதாச்சார இடங்களை 110 ஆகக் குறைத்தது. 40 விழுக்காடு. மீதி 165 இடங்களுக்கு நேரடித் தேர்தல். அதில் தலித்துகளுக்கு ஒதுக்கீடே கிடையாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தேர்தல் சட்டப்படி விகிதாச்சாரப் பட்டியலில் தலித்துகளுக்கு 13.8 விழுக்காடு. 110 இடங்களில் அது சுமார் 15. மொத்த 275இல் 15 என்பது 5.5 விழுக்காடு. மக்கள்தொகையில் தலித்துகள் சுமார் 13 விழுக்காடு. நேரடித் தேர்தலில் கட்சிகள் தலித்துகளை நிறுத்துவது அரிது, வெல்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். 'அனைத்து அமைப்புகளிலும் விகிதாச்சாரப் பங்கு' என்று பிரிவு 40 கொடுத்த வாக்குறுதியை, தேர்தல் முறையைப் பற்றிய பிரிவு 84 பாதியாக வெட்டிவிட்டது. அதே பிரிவு 'கஸ் ஆரிய' என்ற பெயரில் பார்ப்பனர், சேத்திரி, தகுரி, சன்னியாசி சமூகங்களையும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கு 31.2 விழுக்காடு. ஆண்டாண்டு காலமாக ஆண்டவர்களுக்கும் 'உள்ளடக்கல்' என்ற பெயரில் ஒதுக்கீடு! நம் ஊரில் 2019இல் பொருளாதாரத்தில் நலிந்தோர் பெயரால் முற்பட்ட சாதிகளுக்கு 10 விழுக்காடு கொடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பல நூற்றாண்டுக் கொடுமைக்கு ஈடாக, விகிதாச்சாரத்துக்கும் மேல் கூட்டாட்சி அவையில் 3 விழுக்காடும் மாநில அவைகளில் 5 விழுக்காடும் கூடுதல் இடம் வேண்டும் என்ற கோரிக்கை முதல் அவையின் காலத்தில் வலுவாக இருந்தது. 2012இல் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கை, நிலப்பரப்பு இல்லாத தலித் மாநிலம் ஒன்றைப் பரிந்துரைத்தது. எந்த மாவட்டத்திலும் பெரும்பான்மையாக இல்லாமல் ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் மக்களுக்குக் கூட்டாட்சியில் என்ன பங்கு என்ற கேள்விக்கு அது ஒரு பதில். குறைகள் உள்ள பதிலாக இருக்கலாம். ஆனால் விவாதிக்கப்பட வேண்டிய பதில். அந்த ஆண்டு மே மாதம் முதல் அவை அரசமைப்பை முடிக்காமலேயே கலைந்தது. இரண்டாவது அவையில் இந்தக் கோரிக்கைகள் காணாமல் போயின.

எப்படிக் காணாமல் போயின என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தனர். ஆறு வாரங்களில், ஜூன் 8 அன்று, நான்கு கட்சிகளின் தலைவர்கள் 16 அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஏழாண்டுகள் இழுபட்டதை இனி 'விரைவாக' முடிப்பதென்று முடிவானது. வரைவின் மீது மக்கள் கருத்துச் சொல்ல ஜூலையில் இரண்டு நாட்கள் ஒதுக்கினார்கள். இரண்டே நாட்கள்! இடிந்த வீட்டின் முன் தார்ப்பாயின் கீழ் இருந்தவர்களும், மதேசில் குடியுரிமைச் சான்றிதழே இல்லாத முசகர், டோம் மக்களும் அந்த இரண்டு நாட்களில் எந்த அலுவலகத்துக்குப் போய் என்ன கருத்துச் சொல்லியிருக்க முடியும்?

அந்த அவசரத்திலும் ஒழுங்காகத் திரண்டு குரல் கொடுத்தவர்கள் இந்து நாடு கோரியவர்கள். அவர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடும் போகவில்லை. பிரிவு 4 நேபாளத்தை மதச்சார்பற்ற நாடு என்கிறது. அதன் விளக்கக் குறிப்போ, மதச்சார்பின்மை என்பது தொன்றுதொட்டு வரும் சனாதன மதத்தையும் பண்பாட்டையும் பாதுகாப்பதை உள்ளடக்கியது என்கிறது. பிரிவு 9 பசுவைத் தேசிய விலங்காக்குகிறது. பசுவதைக்குச் சிறைத்தண்டனை தொடர்கிறது. பிரிவு 26 மதமாற்றத்தைத் தடுக்கிறது. செத்த மாட்டை இழுக்க வைத்து, அதற்காகவே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சார்க்கி மக்களிடம், இந்த மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பிரிவு 24ஐயும் கொண்டாடச் சொல்ல முடியுமா?

தீண்டாமையை ஒரு பிரிவில் ஒழித்துவிட்டு, தீண்டாமையை உண்டாக்கிய மரபை இன்னொரு பிரிவில் காப்பாற்றும் இந்த வேலை நமக்குப் புதிதல்ல. இந்திய அரசமைப்பின் பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது; சாதியை ஒழிக்கவில்லை. மதவுரிமைப் பிரிவுகள் கருவறையைக் காத்து நின்றன. 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் அழைப்பை ஏற்றுத் திராவிடர் கழகத்தினர் ஆயிரக்கணக்கில் அரசமைப்பின் சாதி காக்கும் பிரிவுகளைக் கொளுத்திச் சிறை சென்றது இந்த முரணை எதிர்த்துத்தான். அந்தச் சட்டத்தை வடித்த அம்பேத்கரே 1953இல் மாநிலங்களவையில் அதைக் கொளுத்தும் முதல் ஆளாக இருப்பேன் என்ற பொருளில் பேசினார். ஆனாலும் அம்பேத்கரியர்களும் பெரியாரியர்களும் இன்று அதே அரசமைப்பைக் காக்க வீதியில் நிற்கிறார்கள். இதில் முரண் இல்லை. அன்று கொளுத்தியவர்கள் சமத்துவம் போதவில்லை என்று கொளுத்தினார்கள். இன்று மாற்றத் துடிப்பவர்களுக்குச் சமத்துவம் இவ்வளவு இருப்பதே பொறுக்கவில்லை.

நேபாளத்தில் இந்த வேறுபாடு இப்போது வாழ்வா சாவா என்ற கேள்வியாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் மன்னராட்சியையும் இந்து நாட்டையும் கேட்டுக் காத்மாண்டுவில் கூட்டம் திரண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஊழலுக்கு எதிரான இளைஞர் எழுச்சி அரசைக் கவிழ்த்தது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அரசமைப்பைத் திருத்து, மாற்றி எழுது என்ற குரல்கள் பல திசைகளிலிருந்தும் எழுந்தன. இளைஞர்களின் கோபம் நியாயமானது. ஆனால் மாற்றி எழுதும் மேசையில் யார் உட்காருவார்கள் என்பதை 2015 காட்டிவிட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் விகிதாச்சார முறையில் வந்த முதல் அவையாலேயே தலித் கோரிக்கைகளைக் கரைசேர்க்க முடியவில்லை. அதைவிடச் சுருங்கிய அவையிடம் வெற்றுத்தாளை நீட்டினால், பிரிவு 40 மீண்டும் அதில் எழுதப்படும் என்பதற்கு யார் பொறுப்பு?

எனவே என் நிலை இது. நேபாள அரசமைப்பைக் கிழித்தெறிவோம் என்ற முழக்கத்தோடு சாதி ஒழிப்பாளர்கள் நிற்க முடியாது. அதைப் புனித நூலாக்குவோரோடும் நிற்க முடியாது. கேட்க வேண்டியவை தெளிவாக உள்ளன. பிரிவு 4இன் சனாதன விளக்கக் குறிப்பு நீக்கப்பட வேண்டும். தலித் பிரதிநிதித்துவம் 110 இடங்களில் அல்ல, 275 இடங்களிலும் கணக்கிடப்பட வேண்டும். நிலம் தரும் வாக்குறுதிக்குக் காலக்கெடு வேண்டும். தாயின் வழியாகவும் தடையின்றிக் குடியுரிமை கிடைக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத மதேசித் தலித்துக்குப் பிரிவு 40 வெறும் காகிதம். இவற்றின் மீதான வாக்கெடுப்பில் கொறடா உத்தரவு இருக்கக் கூடாது.

2020 மே மாதம் மேற்கு ருகும் மாவட்டத்தில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த ஒரு தலித் இளைஞரும் அவருடன் சென்ற நண்பர்களுமாக 6 பேர் கும்பலால் துரத்தப்பட்டு மாண்டார்கள். அப்போது பிரிவு 24 நடைமுறையில்தான் இருந்தது. சட்டம் இருந்தும் கொன்றார்கள் என்பதால் சட்டம் வீண் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சட்டமும் இல்லாவிட்டால் எதைக் காட்டி நீதிமன்றப் படியேறுவது என்று அந்தக் குடும்பங்களிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கேயும் புதிய அரசமைப்பு வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2023 ஆகஸ்டில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த விவேக் தேவராயே அப்படி எழுதினார். அடுத்த முறை யாராவது அதைச் சொல்லும்போது, புதிய சட்டத்தில் என்ன இருக்கும் என்று கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை வேறு. எழுதப்போகும் அவையில் நாம் எத்தனை பேர்? எந்த வாசல் வழியாக உள்ளே போவோம்? கருத்துச் சொல்ல எத்தனை நாள் தருவார்கள்? வாக்களிக்கும்போது நம் கை யாருடைய கட்டளைக்கு உயரும்?