பனியன்ல இருக்கற டைனோசரும் அரியலூர் டைனோசரும்

போன வாரம் பேரனுக்குத் துணி எடுக்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தேனுங்க. கடைக்குக் கடை டைனோசர் படம் போட்ட சின்னப் பசங்க பனியன் தொங்குது. அதுதான் வேணும்னு நின்னான். "இது எந்த நாட்டுல இருந்துச்சு அப்பாரு?"ன்னு கேட்டான். "நம்ம அரியலூர்லயே இருந்துச்சு கண்ணு"ன்னேன். கடைக்காரர் சிரிச்சுட்டாரு. நான் விளையாட்டுக்குச் சொல்லலைங்க.

எங்க லைன் வீட்டுல அரியலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் குடியிருக்காரு, பனியன் கம்பெனி டெய்லர். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனப்பத்தான் அந்த மண்ணைப் பார்த்தேன். என் தோட்டத்துல போர் போட்டா பாறைத்தூள்தான் வரும். கொங்கு நாட்டுக்கு அடியில இருக்கறது பூமிக்குள்ள வெந்து இறுகின பழம்பாறை, அதுல சிப்பியும் இல்லை, எலும்பும் இல்லை. அங்கே ஓடைக்கரையில குனிஞ்சா சிப்பி, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் எல்லாம் கல்லாக் கிடக்குது.

சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால அங்கே கடல் நின்னுது. வண்டல் அடுக்கடுக்காப் படிஞ்சு பாறையாச்சு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாக் கிடக்குது. கடைசியில கடல் பின்வாங்கி, ஆத்து மணல் படிஞ்ச இடந்தான் கல்லமேடு. டைனோசர் எலும்பு கிடைச்சது அங்கேதான்.

1980-கள்ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரங்க அங்கே பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டுபிடிச்சு, பிருகத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க. கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்னு எழுதினாங்க. உலகத்துலயே பெரிய மிருகங்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு பேச்சு. ஆனா பத்திரப்படுத்தறதுக்குள்ளயே எலும்பு பொடிப்பொடியாப் போயிருச்சு. இப்ப படமும் எழுத்தும்தான் மிச்சம். அது எலும்புதானா, கல்லான மரமான்னுகூட சிலர் கேக்கறாங்க. பதில் சொல்ல கையில பொருள் இல்லை.

அதே கல்லமேட்டுல கிடைச்ச பொடிப் பல்லு ஒண்ணு பத்திரமா இருந்துச்சு. அது ட்ரூடான்டிட்ங்கற டைனோசர் வகைன்னு 2013-ல அறிவிச்சாங்க. வடக்குக் கண்டங்கள்ல மட்டும் இருந்துச்சுன்னு நினைச்ச வகை அது. மலையளவு எலும்பு போச்சு, ஒத்தைப் பல்லு நின்னு பேசுது.

அதனாலதான் சொல்றேன், அந்த மண்ணை மேற்பார்வை இல்லாம தோண்டக் கூடாது. நான் சிமெண்ட் வேண்டாம்ங்கற ஆள் இல்லைங்க. என் களமும் தொட்டியும் சிமெண்ட்லதான் நிக்குது. அரியலூர் சிமெண்டுக்குப் போற கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையே அந்தக் காலத்துச் சிப்பிதான். வெட்டட்டும். ஆனா வெடி வைக்கறதுக்கு முன்னால விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்த்து எழுதி வைக்கணும். முக்கியமான அடுக்குல கொஞ்சமாவது வெட்டாம விடணும். உழவனுக்கும் குளம் வெட்டறவங்களுக்கும் எதைப் பார்த்தா யார்கிட்ட சொல்லணும்னு கத்துக்கொடுக்கணும். 2020-ல குன்னம் பக்கம் குளத்துல உருண்டைக் கல் கிடைச்சதும் டைனோசர் முட்டைன்னு ஊரே கூடிருச்சு. வந்து பார்த்தவங்க முட்டை இல்லைன்னாங்க. ஆர்வம் இருக்குது, வழிகாட்டத்தான் ஆள் இல்லை.

நீங்க டவுன்ல இருந்து காரை, சாத்தனூர்னு கார்ல போறவங்க ஒண்ணு செய்யுங்க. பாருங்க, படம் எடுங்க, கல்லை மட்டும் பைக்குள்ள போடாதீங்க. எந்த அடுக்குல கிடந்துச்சுங்கறதுதான் அந்தக் கல்லோட சேதி. ஷோகேஸுக்கு வந்துட்டா அது வெறும் கல்லுங்க.

பேரன் அந்தப் பனியனைக் கழட்ட மாட்டேங்கறான். லீவு விட்டதும் அரியலூருக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்.