மூத்தவருக்கே முதலிடம்

மயிலைக் கபாலீச்சரத்துப் பங்குனிப் பெருவிழாவில் விநாயகப் பெருமான் முன்னே செல்ல, கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் சிங்காரவேலரும் மாட வீதிகளில் பின்தொடர்கின்றனர். இளையவர் வந்ததனால் மூத்தவரின் முதலிடம் பறிபோகவில்லை.

இல்லங்களிலோ, மருமகள் மீண்டும் கருவுற்றதும், மடியேற வரும் இரண்டு வயதுப் பேரனிடம், "பாப்பா வந்தால் அம்மா உன்னைத் தூக்கமாட்டாள்" என்று பெரியோரே வேடிக்கையாகச் சொல்லிவிடுகின்றனர். குழந்தைக்கு அது வேடிக்கையன்று. அன்றிரவு அன்னையின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு உறங்க மறுக்கிறது. முதற்குழந்தைக்கு அநீதி இழைக்கிறோமோ என்று ஏற்கெனவே கலங்கும் தாயின் கண்களும் நிறைகின்றன.

மாதக் கணக்கு அவ்வயதிற்கு விளங்காது. "வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்குவோமே, அதன் பிறகு பாப்பா வரும்" என்றால் விளங்கும். பாட்டியின் அருகில் உறங்கும் பழக்கத்தைச் சில மாதங்கள் முன்பே தொடங்குதல் நலம்; பிரசவத்தன்று தொடங்கினால், பாப்பாவே தன்னை விரட்டியதாகக் குழந்தை எண்ணும். மருத்துவமனைக்கு முதன்முறை அழைத்துச் செல்லும்போது சிசு தொட்டிலில் இருக்கட்டும். அன்னையின் கைகள் மூத்ததற்காகக் காத்திருக்கட்டும். தந்தையிடம் இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். அன்றைய பரபரப்பில் அவருக்குத் தோன்றாது.

பார்க்க வரும் உறவினர், தொட்டிலை நோக்கி விரையுமுன், வாசலில் நிற்கும் சிறுவனிடம், "உன் பாப்பாவை எங்களுக்குக் காட்டுவாயா?" என்று கேட்கலாம். அவன் கைப்பிடித்து அழைத்துச் செல்வான்.