திரும்ப விட்டுவிட்டோமாம்!

போன மாசியில் ஒருநாள், ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் நான்கு பேர், புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து ஃபைபர் படகில் தூண்டில் போடக் கிளம்பினோம். 20 பாகம் ஆழத்தில், அடியில் பாறை இருக்கும் இடம் பார்த்துப் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். கொக்கியில் கணவாய்த் துண்டு. ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் இரண்டு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

எட்டு மணிக்குள் ஐஸ் பெட்டியில் சங்கராவும் களவாவும் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டன. நான்கு வீட்டுக் குழம்புக்கும் தாராளம். ஆனாலும் மதியம்வரை யாரும் தூண்டிலைச் சுருட்டவில்லை. நானும்தான்.

"சின்னதையெல்லாம் திரும்ப விட்டுடுவோம்பா, பாவமில்லே" என்றார் நண்பர். விட்டோம். அவை போகவில்லை. வயிறு உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே தள்ளி, மல்லாந்து மிதந்தன.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த 'மரியோத் விதி' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் இதையே பாயில் விதி என்பார்கள். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 பாகம் என்பது சுமார் 36 மீட்டர். அங்கிருந்து வேகமாக இழுத்தால், மீனின் காற்றுப்பையில் உள்ள காற்று நாலரை மடங்கு விரியப் பார்க்கும். அந்தச் சின்ன உடம்பு தாங்குமா?

அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கப் போகும் படகில், மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கும் கருவியோ காற்றை வெளியேற்றும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022-இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் இருப்பது 'திரும்ப விட்டோம்' என்ற வார்த்தை மட்டும். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். வேலை நடக்காமலே 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"இழுவலைக்காரன் குஞ்சும் குளுவானுமா வாரிக்கிட்டுப் போறான், நம்ம நாலு தூண்டில்லதான் கடல் வத்திடுமா?" என்று கேட்டார்கள். இழுவலை செய்யும் நாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு. பிழைப்புக்குப் பிடிக்கிறவரே அத்தனை நாள் படகைக் கட்டிவைக்கிறார். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்கும் நாம், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர்கள், பெட்டி நிறைந்த பிறகு ஒரு மணி நேரம்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதா?

ஆகவே நண்பர்களே, ஆழத்தில் போடும் தூண்டிலுக்கு ஒரே தர்மம்தான்: குழம்புக்குச் சேர்ந்ததும் சுருட்டிவிடுவது. அதற்குச் சம்மதம் என்றால் அடுத்த முறை நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சரி என்றார். மற்ற இருவரும் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த மீன்கள் மிதந்ததை அவர்களும்தான் பார்த்தார்கள்.