பாட்டு யாருடையது?

பாட்டுக்கு உரியவர் அதை எழுதியவரே என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மூத்த பாடலாசிரியர் வில்லி நெல்சனின் இசைத்தொகுப்புகளைக் கேட்கக் கேட்க அந்த உறுதி தளர்கிறது.

1961இல் அவர் எழுதிய ‘கிரேஸி’, பேட்சி கிளைனின் குரலில் புகழடைந்தது. அதே ஆண்டு ‘ஹலோ வால்ஸ்’ பாடலை ஃபாரன் யங் பாடி முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். நெல்சனின் குரலை என்ன செய்வதென்றுதான் நாஷ்வில் நகரத்தாருக்குத் தெரியவில்லை. தாளத்துக்குச் சற்றே முந்தியும் பிந்தியும் பேச்சைப் போல நடக்கும் குரல் அது. ஆர்சிஏ நிறுவனத்தில் அவர் இருந்த ஆண்டுகளில் வயலின்களையும் குழுக்குரல்களையும் அதன்மேல் போர்த்தினார்கள்.

1975இல் கொலம்பியா நிறுவனம் அவர் விருப்பப்படி பதிவுசெய்ய உரிமை தந்தது. டெக்சாஸில், மிகச் சில கருவிகளோடு ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ உருவானது. நிறுவனத்தாருக்கோ அது முற்றுப்பெறாத மாதிரிப் பதிவாகத் தோன்றியது. ஆயினும் அதிலிருந்த ஒரு பாட்டால்தான் பாடகராக அவர் முதன்முறை கன்ட்ரி தரவரிசையின் உச்சியைத் தொட்டார். அப்பாட்டை எழுதியவர் ஃப்ரெட் ரோஸ். 1978இல் வந்து பெருவெற்றி கண்ட ‘ஸ்டார்டஸ்ட்’ தொகுப்பிலோ நெல்சன் எழுதியது ஒன்றுகூட இல்லை.

பாடலாசிரியருக்கு இது இறக்கம் அல்லவா என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. எவ்விடத்தில் நிறுத்துவது, எச்சொல்லை மெல்ல விடுவது என்று தேர்வதும் ஆக்கமே. ஐயமுடையோர் ‘ஸ்டார்டஸ்ட்’டை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாதிட வருக.