மகமை என்று ஒரு வரி

என் அப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். வத்தலும் மல்லியும் கொண்டுவரும் சம்சாரிக்கு, மூட்டை எடை போட்டு முடிந்ததும் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். கமிஷன், எடைக்கூலி, இறக்குகூலி, வண்டி வாடகை என்று வரிசையாகக் கழிந்துகொண்டே வந்து, கடைசிக்கு முந்தின வரியில் ‘மகமை’ என்று இருக்கும். மூட்டைக்குச் சில காசுதான். சின்ன வயதில் அதை யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் வந்து காசு வாங்கிப் போகிறாரே, பெரிய ஆளாகத்தான் இருப்பார்! ஒருநாள் கேட்டேவிட்டேன். அப்பா சிரித்துக்கொண்டு, “நீ உட்கார்ந்து படிக்கிற பெஞ்சுடா அது” என்றார்.

அந்த பெஞ்சு சத்திரிய வித்யாசாலா பள்ளியில் இருந்தது. ஊருக்குள் கே.வி.எஸ். என்றால்தான் தெரியும். வெளியூரில் விருதுநகர் என்றதும் எண்ணெய்ப் புரோட்டாவை விசாரிப்பார்கள். அது முடிந்ததும் காமராஜருக்கு வருவார்கள். அவர் படித்த பள்ளி என்பதால் கே.வி.எஸ்ஸுக்கு ஒரு மதிப்பு உண்டு. எனக்கென்னவோ, காமராஜருக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது.

1870களில் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்தபின் விருதுபட்டி – அன்றைக்கு ஊருக்கு அதுதான் பெயர் – சரக்கு கைமாறும் ஊராக வளர்ந்தது. பஞ்சு, வத்தல், எண்ணெய் என்று வியாபாரம் நாடார்கள் கையில் செழித்தது. பணம் வந்தும் மரியாதை வரவில்லை. சுற்று வட்டாரத்துக் கோயில்கள் பலவற்றில் அவர்கள் உள்ளே போக முடியாது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. 1899இல் சிவகாசியில் இதே கோயில் நுழைவுத் தகராறு கலவரமாக வெடித்தது. இதற்கெல்லாம் முன்பே, 1880களில், விருதுபட்டி நாடார்களின் சங்கமான உறவின்முறையார் மகமைப் பணத்தில் கே.வி.எஸ். பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டார்கள். பெயர்ப் பலகையில் ‘சத்திரிய’ என்று போட்டதே, தாங்களும் சத்திரியர் என்ற ஒரு வழக்காடல்தான். ஆனால் பள்ளியை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தார்கள், சம்பளமும் வாங்கவில்லை. எனக்கு இது ஒரு வகையில் நியாயம் என்றே படுகிறது. பட்டியலில் கழிந்த காசு மண்டிக்காரருடையது மட்டுமா? அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த சம்சாரியுடையதும்தானே! அப்பாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “மண்டிக்காரன் காசுதான்” என்று முடித்துவிடுவார்.

மகமையைத் தர்மம் என்று எழுதுகிறவர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. தர்மம் மனசு வந்தால் செய்வது. மகமைக்கு மனசு வர வேண்டியதில்லை, மூட்டை வந்தால் போதும். லாபமோ நட்டமோ, சரக்கு நகர்ந்தால் காசு கழியும். அதில் கட்டாயம் இருந்தது, ஊர்க்கட்டுப்பாடு இருந்தது, அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சாதிதான் அச்சாணி. அதை நான் மெச்சவில்லை. நான் மெச்சுவது அந்தக் கணக்கு முறையை. பள்ளிக்கூடத்துக்கு மாசாமாசம் செலவு உண்டு. வாத்தியார் சம்பளம், சுண்ணாம்பு, கூரை ஓடு, தண்ணீர்ப் பானை. மாசாமாசம் ஆகிற செலவுக்கு மாசாமாசம் வருகிற வரவு வேண்டும் என்பது என் அப்பாவைப் போன்ற கணக்கப்பிள்ளைக்குப் புரிந்த விஷயம்.

மகமையோடு பிடியரிசியும் சேர்ந்தது என்பார்கள். உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. பள்ளிக்கூடத்துக்காக வந்து வாங்கிப் போவது. அரிசி போட்ட அம்மாக்களின் மகள்கள் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. பெண்களுக்கென்று தனிப் பள்ளி பிறகுதான் வந்தது.

காமராஜருக்கு வருகிறேன். ஆறு வயதில் தகப்பனை இழந்த பையன், சில வருஷத்தில் பள்ளியை விட்டுத் தாய்மாமன் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். பள்ளியில் சம்பளம் கேட்டு யாரும் துரத்தவில்லை, வீடு இழுத்துக்கொண்டது. பிடியரிசி பள்ளிக்கூடத்துக்குப் போனது, பிள்ளையின் வயிற்றுக்குப் போகவில்லை. முதலமைச்சராக 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தையும் வயிற்றையும் அவர் சேர்த்துவிட்டார் என்பது என் எண்ணம். அந்தத் திட்டத்தில்கூடச் செலவில் ஒரு பங்கு அரசாங்கம், ஒரு பங்கு ஊரார். 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே மண்டி வாடை அடிக்கும். ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், நிலம் எழுதி வைத்தார்கள்.

இப்போதும் கொடுக்கிறார்கள். 2022 முதல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்று அரசே கேட்டு வாங்குகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுக்கப்படும் பொருளைத் தவிர. எங்கள் பதினோராம் வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 46 பேர் இருக்கிறோம். போன வருஷம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளி ஒன்றுக்கு ஏதாவது செய்வோம் என்று பேச்சு வந்தது. ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று ஒருவன், ஆர்.ஓ. இயந்திரம் என்று இன்னொருவன். பேர் எங்கே எழுதுவது என்பதில் மட்டும் மூன்று நாள் போனது. தலைமையாசிரியையிடம் நேரில் போய்க் கேட்டேன். அந்த அம்மா என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். யாரோ முன்னே கொடுத்த ஆர்.ஓ. இயந்திரம் ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. “சார், கழிப்பறை கழுவுற அம்மாவுக்கு மாசம் ஏதாவது கொடுக்க முடியுமா?” என்றார்.

அதைக் குழுவில் போட்டேன். தலைக்கு மாதம் 200 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள், பலகை கிடையாது, போட்டோ கிடையாது. ஒரு நாள் முழுக்கக் குழு அமைதியாக இருந்தது. இந்த நண்பர்களே ஆளுக்கு ஐயாயிரம் ஒரே தடவையில் தர அன்றைக்குத் தயாராக இருந்தவர்கள்! கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. மாசாமாசம் என்பதுதான் கசக்கிறது. நமக்கு வள்ளலாக இருக்கத் தெரிகிறது, பட்டியலில் ஒரு வரியாக இருக்கத் தெரியவில்லை.

கடைசியில் பதினோரு பேர் சேர்ந்தோம். கணக்கு என் கையில். நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தலைப்பு ‘மகமை’ என்றே எழுதியிருக்கிறேன். இந்த மாதம் இன்றைக்குத் தேதி எட்டு. ஏழு பேர் கட்டியாகிவிட்டது. மற்ற நாலு பேருக்கும் சாயங்காலம் போன் போட வேண்டும்.