மேகத்தில் ஒரு கணக்குப் புத்தகம்

நாகமலை புதுக்கோட்டையில், தேனி சாலையை ஒட்டி என் தாய்மாமன் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி முதல் குழாய், கம்பி, பெயிண்டு வரை வீடு கட்டுவோருக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். அதே சாலையில் மேற்கே செக்கானூரணியில் ஒரு கிளையும் உண்டு. கல்லூரி விட்டதும் மாலையில் அங்கே கணக்கு எழுதுவது என் வேலை. வணிகவியல் மாணவனாகிய எனக்கு அது இன்னொரு வகுப்பறை. ‘மேகக் கணிமை’ என்று தமிழிலும் ‘கிளவுட்’ என்று கடைவீதியிலும் வழங்கும் பொருளைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்கு அந்த வகுப்பறையில் கற்ற பாடமே காரணம்.

இடியும் மழையுமாக இருந்த ஓர் ஐப்பசி இரவுக்குப் பிறகு, காலையில் கடைக் கணிப்பொறி உயிர் பெறவில்லை. டவுனில் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனோம். அவர் ஹார்டு டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். பிரதி எடுத்து வைத்த பென் டிரைவ் இருந்தது; ஆனால் அதில் இருந்தது ஏழு மாதத்துக்கு முந்திய கணக்கு. பிழை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை எடுக்கலாம் என்று தள்ளிப் போட்டவன் நான்தான்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கொள்முதல் கணக்கு முழுவதும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 2017 ஜூலை 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. முறையில், நமக்குச் சரக்கு விற்ற மொத்த வியாபாரி தம் பில்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும்போது அவை நம் எண்ணின் கீழும் வந்து நிற்கும். நாங்கள் முந்திய மாதங்களில் தாக்கல் செய்த விற்பனை விவரங்களும் அங்கே பத்திரமாக இருந்தன. கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று: பாக்கிக் கணக்கு. மேஸ்திரிகளும் கொத்தனார்களும் வாரக் கடனுக்குச் சரக்கெடுத்துப் போய், சனிக்கிழமை பணம் வந்ததும் கொண்டுவந்து கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்தப் பெட்டியில் மட்டுமே இருந்தது.

கீழக்குயில்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், தம் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டைக் காட்டி, எங்களுக்கே நினைவில்லாத தொகையைச் சொல்லிக் கட்டிவிட்டுப் போனார். வேறு சிலர் பாதியோடு நிறுத்திக்கொண்டனர். அவர்களைப் பொய்யர் என்று சொல்ல எங்களிடம் என்ன சான்று இருந்தது? ஒருவேளை அவர்கள் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். பணம் போனதைவிட, தெரிந்த முகங்களைச் சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்ததே மாமாவுக்குப் பெரிய வருத்தம். அரசாங்கத்துக்கு வேண்டிய கணக்கு பிழைத்தது. கடைக்காரருக்கு வேண்டிய கணக்கு அழிந்தது. முன்னது எங்கள் மேசைக்கு வெளியே இருந்தது, பின்னது மேசைமேல் இருந்தது என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசமில்லை.

மேகம் என்பது பெயரளவில்தான். பொறியாளர்கள் வரைபடங்களில் இணையத்தைக் குறிக்க ஒரு மேகத்தை வரைந்து வந்தார்கள். அந்தப் படம் பெயராக நிலைத்துவிட்டது. உண்மையில் அது தரையில் நிற்கும் கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவும் பகலும் குளிரூட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பெரிய எந்திரத்தை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொருவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் வீடுகளில் யாரும் மாவு மில் வாங்கி வைப்பதில்லை. தூக்குச்சட்டியில் அரிசியைக் கொண்டுபோய், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அரைத்து வருகிறோம். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். அமேசான் நிறுவனம் 2006இல் இவ்வாறு சேமிப்பிடத்தையும் கணிக்கும் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சென்னை, புனே, மும்பை நகரங்களிலும், 2016இல் அமேசான் மும்பையிலும் இத்தகைய நிலையங்களை அமைத்தன.

இதனால் யாருக்கு லாபம்? எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்தைத் தாண்டிச் சென்றால் வடபழஞ்சியில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. (2021இல் கொரோனா நோயாளிகளுக்கு அங்கேதான் படுக்கை போட்டார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும்.) மேகக் கணிமை அத்தகைய வளாகங்களுக்கு உரிய விஷயம் என்று நம் நண்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். என் கருத்து நேர்மாறானது. பெரிய நிறுவனத்துக்குச் சொந்த எந்திரம் வாங்கப் பணமும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. இரண்டும் இல்லாத சிறு வணிகருக்கே இது பெரிய வரம். தீபாவளிக்கு முந்திய பத்து நாள் மட்டும் இணையத்தில் பத்து மடங்கு கூட்டம் காணும் ஒரு சுங்குடிச் சேலைக்காரரை எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்து நாளுக்காக அவர் ஆண்டு முழுவதும் ஒரு பெரிய எந்திரத்தைக் கட்டி மேய்க்க முடியுமா? கூட்டத்துக்குத் தக்கபடி கூட்டி எடுத்துக்கொண்டு, பண்டிகை முடிந்ததும் குறைத்துக்கொள்வதே அவருக்குக் கட்டுபடியாகும். எங்கள் கடையில் கிடைத்த பயன் இன்னும் எளியது. இரண்டு இஞ்சுக் குழாய் செக்கானூரணியில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்ட காலம் போய், இரண்டு கடைச் சரக்கும் ஒரே திரையில் தெரிகிறது. அதற்கு மாதாமாதம் நாங்கள் தரும் வாடகை இரண்டு மூட்டை சிமெண்டு விலைக்கு அருகில் வரும்.

ஆனால் மாமாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை.

“ஏன் மாப்ளே, என் கடைக் கணக்கை முகந்தெரியாதவன் வீட்டுல கொண்டுபோயி வைக்கச் சொல்றியா? நாளைக்கு அவன் கதவைச் சாத்திட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

“பேங்குல பணம் வைக்கிறீங்கள்ல மாமா?”

“பேங்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா.”

நான் நகரத்தார் கதையைச் சொன்னேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய செட்டிநாட்டு வணிகர்கள், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு முகவர்களை அனுப்பி வைத்தார்கள். முகவர் அங்கே வட்டி வாங்கிக் கணக்கெழுதி, ஐந்தொகையைத் தாயகத்தில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார். காரைக்குடிப் பக்கத்து வீட்டு முகப்பில் உட்கார்ந்தபடியே இரங்கூன் கடையின் நிலையை அறிந்த அந்த வணிகருக்கு, கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பதும், கடை வேறு, கணக்கைப் பார்க்கும் இடம் வேறாக இருக்கலாம் என்பதும் புதிய செய்திகள் அல்ல. தபால் கப்பல் எடுத்துக்கொண்ட நாட்களை இணையம் நொடியாக்கிவிட்டது, அவ்வளவுதான். இதைக் கேட்டு மாமா கொஞ்சம் இளகினார். நம் ஆளுகளே இந்த மென்பொருளைச் செய்கிறார்கள் என்றபோது மேலும் இளகினார். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் சோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலிருந்தும் இந்தத் தொழிலை நடத்துகிறது. 2010இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம் பெற்றது.

எனினும், கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்ற மாமாவின் கேள்வியை நான் அலட்சியம் செய்ததற்குப் பின்னால் வெட்கப்பட்டேன். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் தன் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. அந்நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தின் படியேறிய பின்பே அவை திரும்பக் கிடைத்தன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நீதிமன்றம் போகும் நிலை என்றால் ஹார்டுவேர் கடை எந்தப் படி ஏறும்? 2021 மார்ச்சில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர் பலர் தம் தகவலை அடியோடு இழந்தனர். நான் பென் டிரைவில் செய்த அதே பிழையை அவர்கள் மேகத்தில் செய்திருந்தார்கள்! வாடகை விஷயத்திலும் கண்மூடித்தனம் கூடாது. ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேலை உள்ள நிறுவனத்துக்குச் சொந்த எந்திரமே மலிவு என்று, அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் மேகத்தை விட்டு வெளியேற முடிவு செய்தது.

ஆகவே நம் வணிகவியல் துறை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். இரண்டாமாண்டு மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பாக்கிக் கணக்கு எங்கே இருக்கிறது? அதன் இரண்டாவது பிரதி எங்கே? நீங்கள் விலகினால் கணக்கை முழுதாக எடுத்துச்செல்ல ஒப்பந்தம் இடம் தருகிறதா? கேள்வி கேட்கிற மாணவனும் கற்பான், கடைக்காரரும் விழித்துக்கொள்வார்.

நானே ஒரு தவறு செய்திருந்தேன். கணக்கைத் தொடங்கியபோது அவசரத்தில் என் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஒருநாள் நான் தேர்வுக் கூடத்தில் இருந்த மூன்று மணி நேரம், ரகசிய எண் என் போனுக்கு வந்துகொண்டிருக்க, மாமா தம் கடைக்குள்ளேயே அந்நியராக நின்றார். மறுநாளே அதை அவருடைய எண்ணுக்கு மாற்றினோம். இப்போது சனிக்கிழமைதோறும் முழுக் கணக்கையும் இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, வீட்டுப் பீரோவில் வைக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் மாமா ஒரு பாக்கி நோட்டும் வைத்திருக்கிறார், நீல அட்டை போட்டது. கணிப்பொறியில் ஏற்றிய பிறகும் அதில் ஒரு வரி எழுதாமல் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. நானும் விடச் சொல்லவில்லை.